நடுவில் கட்டிய மூன்று தாள்கள்

என் ஜெராக்ஸ் கடைக்கும் பைண்டர் அண்ணன் வீட்டுக்கும் இடையில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அங்கே வெட்டும் இயந்திரத்தின் கைப்பிடியை இறக்கினால் இங்கே என் டீ கிளாஸ் ஆடும். அவர்கள் வீட்டுச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது அவர்களுக்கே தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். ஒட்டுக்கேட்கிறேன் என்று யாரும் என்மேல் பழி போடக்கூடாது. காதைக் கழற்றி வைத்துவிட்டா கடை நடத்த முடியும்?

பரீட்சை முடிவு வந்த அன்று ஒரு வாரமாக விடாத மழை. மழை நாளில் பைண்டிங் வேலை பாதிதான் ஓடும். மாவுப் பசை காயாது, அட்டை வளைந்துகொள்ளும், புத்தகத்தின் முதுகில் ஒட்டிய காலிகோ துணி மறுநாளும் ஈரமாகவே இருக்கும். அண்ணன் ஒட்டு வேலையை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேடுகளைத் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணி தரையில் உட்கார்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்தார். அண்ணி மடித்த தாளை எடுத்துப் பார்த்தால் ஓரத்தோடு ஓரம் உட்கார்ந்திருக்கும், மயிரிழை பிசகாது. அதே கண்டிப்புதான் வாயிலும்.

மகள் வாசலில் போனைப் பிடித்தபடி நின்றாள். தவழ்கிற வயதில் தாள் துண்டுகளைத் தேடித்தேடி மென்றதால் அவளுக்கு எலி என்று பட்டம். பதினேழு வயசாகியும் அந்தப் பட்டம் அவளை விடவில்லை.

"வேதியியல் அம்பத்தி நாலும்மா," என்றாள்.

"எவ்வளவு?"

"அம்பத்தி நாலு."

"எண்பதுக்கு மேல வரும்னு வீட்டையே ரெண்டாக்கினியே?"

"வரணும்மா. எல்லாத்துக்கும் எழுதினேன். ஒண்ணைக்கூட விடலை."

"எழுதியிருந்தா ஏன்டி போடாம விடறாங்க? அவங்களுக்கு உன்மேல என்ன வஞ்சமா?"

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் மெஷினை நிறுத்தினேன். எலிக்கு மருந்தாளுநர் படிப்பில் சேர வேண்டும் என்பதுதான் மூன்று வருஷத்துக் கனவு. அந்தப் படிப்புக்கு வேதியியலில் குறைந்தது அறுபது மார்க்கு வேண்டும். மற்ற பாடங்களில் தொண்ணூறு வாங்கியும் புண்ணியமில்லை. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, கல்லூரியில் இடம் ஒதுக்குகிறார்கள். அன்றைக்கு அறுபது கையில் இல்லை என்றால் கதை முடிந்தது.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் நேராக என் கடைக்குள் வந்தாள்.

"சித்தப்பா, விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பம் போடலாமாம். அஞ்சு நாள்தான் டைம். போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். நல்லவேளை, அதிலாவது நான் தப்பு செய்யவில்லை.

பத்தாம் நாள் நகல் வந்தது. எலி உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். கடைசித் தாளுக்கு வந்ததும் திரும்ப முதலிலிருந்து புரட்டினாள்.

"என் அடிஷனல் ஷீட் காணோம்."

"என்னது?" என்றார் அண்ணன்.

"முப்பத்திரண்டு பக்கமும் நிரம்பிப் போச்சுப்பா. மூணு தாள் வாங்கினேன். மடிச்ச தாள், ஒண்ணுக்கு நாலு பக்கம். இருபத்தெட்டாம் கேள்வியிலேருந்து முப்பத்திமூணு வரைக்கும் அதுலதான் எழுதினேன். ஆறு கேள்வி, ஒவ்வொண்ணும் அஞ்சு மார்க்கு. ஒரு பக்கம்கூட இதுல வரலை."

முகப்புத் தாளைப் பார்த்தோம். 'கூடுதல் தாள்கள்' என்ற கட்டத்தில் 3 என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு வேறு யாரோ 0 போட்டிருந்தார்கள். கூட்டல் அட்டவணையில் பக்கம் ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை மதிப்பெண் இருந்தது. கூடுதல் தாளுக்கான வரிசையில் ஒரு கோடு.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஒழுங்கா கட்டினியா இல்லையா? அவிழ்ந்து எங்கயாவது விழுந்திருக்கும். அவசரத்துல ஒரு சுருக்குப் போட்டிருப்ப."

"அவிழாதும்மா."

"அவிழாதுன்னா எங்க போச்சு? இறக்கை முளைச்சுப் பறந்துச்சா?"

"நான் மத்தவங்க மாதிரி மூலையில கட்டலை," என்றாள் எலி. குரல் இறங்கிவிட்டது. "மூலையில கட்டினா தொங்கும், கிழியும். நடுப்பக்கத்தைத் திறந்து, மூணு தாளையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா அதுக்குள்ள வெச்சு, முதுகைச் சுத்தி நூலை ஓட்டி, உள்பக்கமா முடிச்சுப் போட்டேன்."

ஊசி பிடித்திருந்த அண்ணனின் கை நின்றுவிட்டது.

ஊரில் ஆயிரம் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள். ஆயிரம் பேரும் கூடுதல் தாளைக் கடைசியில் வைத்து மூலையில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். நடுவில் கோத்துப் புத்தகமாகவே ஆக்கிக் கொடுக்கும் புத்தி பைண்டர் பெற்ற பிள்ளைக்குத்தான் வரும். பிறந்ததிலிருந்து அவள் பார்த்தது அதைத்தானே. தாளோடு தாள் சேர வேண்டிய இடம் முதுகு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"ஏம்மா அப்படிப் பண்ண?" என்று அண்ணன் கேட்டார். திட்டுகிற குரலாக இல்லை. குற்றம் செய்தவன் குரலாக இருந்தது.

"அதுதானேப்பா சரியான முறை?"

அண்ணன் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தோம். நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி, 'தயவுசெய்து நடுப்பக்கத்தைத் திறந்து பார்க்கவும்' என்று அடிக்கோடிட்டு அனுப்பினோம். அந்தக் கடிதத்தை யார் படித்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இரண்டு வாரம் கழித்து அச்சடித்த பதில் வந்தது. கூட்டலில் பிழை இல்லை. கூடுதல் தாள் எதுவும் இணைக்கப்படவில்லை. மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை.

பதினெட்டாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

"விடு," என்றார் அண்ணி. "அடுத்த தடவை எழுதிக்கலாம். ஒரு வருஷம் போனா குடியா முழுகிப் போகுது?" அதைச் சொல்லும்போது அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. எலி எழுந்து உள்ளே போனாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. தட்டில் போட்ட சோறும் முட்டைப் பொரியலும் ஆறிப்போய்க் கிடந்தன. இடம் போனதைவிட, தான் எழுதினேன் என்று சொன்னதை அம்மா நம்பவில்லையே என்பதுதான் அந்தப் பிள்ளையை அரித்தது. பலகைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே அது தெரிந்தது. அண்ணிக்கு ஏன் தெரியவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் நகல் கட்டை மறுபடி எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை நகல் எடுப்பது. அதையும் இருபது வருஷமாகச் செய்கிறேன். தாள் தாளாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றேன்.

"அண்ணே! இங்க வாங்க! அண்ணே!"

அண்ணன் பசைக் கையோடு ஓடிவந்தார்.

"இதைப் பாருங்க. ரெண்டும் மூணும் ஒரே தாள்ல. நாலும் அஞ்சும் ஒரே தாள்ல. புத்தகத்தை விரிச்சுக் கவுத்து எடுத்திருக்கான். எல்லாமே அப்படித்தான். ஆனா பதினாறும் பதினேழும் மட்டும் தனித்தனித் தாள்ல வந்திருக்கு. ஏன்?"

அண்ணன் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறுவதை நான் நேரில் பார்த்தேன்.

"முப்பத்திரண்டு பக்க நோட்டுக்கு நடுப்பக்கம் பதினாறு, பதினேழு," என்றார் மெதுவாக. "அதுதான் இருக்கறதிலேயே தட்டையாப் படுக்கும். அதை ஒண்ணா எடுக்கறதுதான் சுலபம். தனித்தனியா எடுத்திருக்கான்னா..."

"நடுவுல ஏதோ இருந்திருக்கு. நம்பர் அச்சடிக்காத பக்கம். அதைத் தாண்டிட்டு அச்சடிச்ச பக்கத்தை மட்டும் எடுத்திருக்கான்."

"தம்பி, ஓரத்தைப் பாரு. ஓரத்தைப் பாரு!"

பதினாறாம் பக்கத்தின் வலது ஓரத்தில் விரல் அகலத்துக்கு அடுத்த பக்கத்தின் மார்ஜின் விழுந்திருந்தது. அதில் எலியின் கையெழுத்தில் 28. அதற்குக் கீழே, திருத்தியவரின் பேனாவில், வட்டத்துக்குள் 5.

நான் போட்ட சத்தத்தில் எதிர்வரிசைத் தையல்கடைக்காரர் குடையோடு வந்து எட்டிப் பார்த்தார். எலி ஓடிவந்து, என் மேசையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து அந்த ஐந்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். "திருத்தியிருக்காங்க சித்தப்பா," என்றாள். "திருத்தி மார்க்கும் போட்டிருக்காங்க. கூட்டினவங்கதான் விட்டுட்டாங்க."

அண்ணியும் பார்த்தார். உள்ளே போய் சோற்றைச் சூடாக்கினார். இந்தத் தடவை எலி சாப்பிட்டாள்.

அண்ணனிடம் வழக்குக் கட்டுகளை பைண்டிங்குக்குக் கொண்டுவருகிற ஒரு வக்கீலம்மா உண்டு. பெரிய மூக்குக்கண்ணாடி, அதைவிடப் பெரிய குரல். மறுநாள் காலையில் நாங்கள் நாலு பேரும் அவர் அறையில் இருந்தோம். சுவர் முழுக்க அண்ணன் தைத்த கட்டுகள்.

வக்கீலம்மா நகலைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "மறுபடி திருத்துங்கன்னு கேட்டு வந்திருந்தா நான் யோசிச்சிருப்பேன். ஒரு விடைக்கு மூணு மார்க்கா நாலு மார்க்கான்னு கோர்ட்டு உட்கார்ந்து பார்க்காது. அது வாத்தியார் வேலைன்னு சொல்லிடும். ஆனா இது வேற. போட்ட மார்க்கைக் கூட்டலை. அதைக் கோர்ட்டு கேட்கும்."

"அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்குமா?" என்றார் அண்ணி.

"அவசர மனுன்னு போடறேன். ரெண்டு விஷயம் கேட்போம். ஒண்ணு, மூல விடைத்தாளைக் கொண்டுவந்து நீதிபதி முன்னாடி திறக்கணும். ரெண்டு, தீர்ப்பு வர்ற வரைக்கும் காலேஜுல ஒரு இடத்தை நிறுத்திவைக்கணும். ரெண்டாவது கிடைக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன். முதலாவதை நான் விட மாட்டேன்."

"அம்மா," என்று அண்ணன் எழுந்து நின்றார். "தப்பு எங்க வீட்டுத் தப்பும்மா. கடைசியில கட்டியிருந்தா இவ்வளவு வந்திருக்காது. நான் நீதிபதிகிட்ட மன்னிப்புக் கேட்டுடறேன்."

"நீங்க வாயே திறக்கக்கூடாது!"

"ஒரே ஒரு வார்த்தை..."

"ஒரு வார்த்தையும் கூடாது. கேட்டா மட்டும் பதில்."

வழக்கு வரும் நாள் வரை அண்ணன் ஊசியைத் தொட்டாரே தவிர வேலை ஓடவில்லை. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முணுமுணுப்பு மட்டும் கேட்கும். "ஐயா, பெரிய மனசு பண்ணி... ஐயா, தெரியாம..." மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்! வக்கீலம்மாவிடம் போட்டுக்கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். பாவமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை, பதினேழாம் தேதி காலை, வழக்கு வந்தது. நான் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். வருஷத்தில் ஒரு நாள்கூடச் சாத்தாதவன். நீதிமன்ற அறையில் மின்விசிறிகள் சுழன்றன, காற்று மட்டும் வரவில்லை. மழை விட்டிருந்ததால் வெயில் ஜன்னல் வழியாக வக்கீல்களின் கறுப்பு முதுகில் விழுந்தது. நீதிபதி தலை நரைத்தவர், தூங்குகிறவர் மாதிரி முகம். ஆனால் கண் தூங்கவில்லை.

தேர்வு அலுவலகத்தின் வக்கீல் எழுந்தார். பக்கத்தில் அலுவலர் ஒருவர் முத்திரையிட்ட உறையோடு நின்றார்.

"மூலத்தாள் இதோ இருக்கு ஐயா. கடைசிப் பக்கத்துக்குப் பின்னாடி எதுவும் இணைக்கலை. பாருங்க." உறையைப் பிரித்து விடைத்தாளைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டினார். "ஒண்ணும் விழலை. மறுகூட்டலும் முறைப்படி செஞ்சாச்சு. மாற்றமில்லை."

வக்கீலம்மா எழுந்தார். "விழாது ஐயா. அதுதான் எங்க வழக்கே. நடுப்பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்க."

"குடுங்க இப்படி," என்றார் நீதிபதி.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் புரட்டினார். எட்டு. பத்து. பன்னிரண்டு. அண்ணி என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்குக் கை மரத்துவிட்டது. பதினான்கு. நீதிபதி நின்றார். ஒரு பக்கத்தைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார். புருவம் ஏறியது.

"பதினாறுக்கு அப்புறம் நம்பர் இல்லாத பக்கம் வருது," என்றார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... பன்னிரண்டு பக்கம் இருக்கே!"

அறையில் ஒரு சலசலப்பு எழுந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. நல்லவேளை, கை மரத்திருந்தது.

அலுவலகத்து வக்கீல் சளைக்கவில்லை. "ஐயா, கூடுதல் தாளைக் கடைசியில கட்டறதுதான் வழக்கம். இந்த மாணவி வழக்கத்துக்கு மாறா மறைச்சு வெச்சிருக்காங்க. அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது."

"வழக்கம்னு எங்க எழுதியிருக்கு?" என்றார் நீதிபதி.

அவரே விடைத்தாளைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தார். அலுவலரும் பார்த்தார். அதில், கூடுதல் தாள்கள் பிரிந்து விழாதவாறு உறுதியாகக் கட்டப்பட வேண்டும் என்று மட்டும் இருந்தது. நீதிபதி அதை உரக்கப் படித்தார். பிறகு நடுவிலிருந்த தாளைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். அசைவேனா என்றது.

"உறுதியாத்தான் கட்டியிருக்கு," என்றார். இந்தத் தடவை அறையே சிரித்தது. அலுவலரும் வாயைப் பொத்திக்கொண்டார். "யாரு இப்படிக் கட்டினது?"

எலி எழுந்து நின்றாள். "நான்தான் ஐயா."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்லைங்க ஐயா. அப்பா பைண்டர்."

"அப்பா வந்திருக்காரா?"

வந்தது வினை! அண்ணன் எழுந்தார். வக்கீலம்மா திரும்பி முறைத்த முறைப்பில் வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வாரம் மனப்பாடம் செய்த மன்னிப்பு அவர் தொண்டைவரை வந்ததை நான் பார்த்தேன். "ஐயா," என்றார். "பெரிய மனசு..." அதோடு நின்றது. அவர் கண் நீதிபதியின் கையிலிருந்த விடைத்தாளின் மேல் போனது. எத்தனை கை மாறியிருக்கும், எத்தனை மூட்டையில் ஏறி இறங்கியிருக்கும். உள்ளே பன்னிரண்டு பக்கமும் ஓரம் மடங்காமல் இருந்தன.

"ஐயா, ஒரு பக்கம்கூட நழுவலைங்க," என்றார். "என் பொண்ணு சரியாத்தாங்க கட்டியிருக்கா."

சொல்லிவிட்டு அழுதுவிட்டார். மன்னிப்பு போன இடம் தெரியவில்லை.

நீதிபதி தலையைக் குனிந்து மதிப்பெண்களைப் படிக்க ஆரம்பித்தார். "இருபத்தெட்டு, அஞ்சு. இருபத்தொம்போது, நாலரை. முப்பது, அஞ்சு. முப்பத்தொண்ணு, மூணரை. முப்பத்திரண்டு, அஞ்சு. முப்பத்திமூணு, நாலு." அவர் கூட்டி முடிப்பதற்குள் அறையின் பின்வரிசையிலிருந்து, வேறு ஏதோ வழக்குக்கு வந்த ஒரு கிழவர், "இருபத்தேழு!" என்று கத்தினார். காவலர் அவரை அதட்டினார். நீதிபதி, "சரியாத்தான் சொல்றாரு, விடுங்க," என்றார்.

ஐம்பத்துநான்கும் இருபத்தேழும் எண்பத்தொன்று. மாலை ஐந்து மணிக்குள் திருத்திய மதிப்பெண் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அந்தக் கூட்டல்காரர் கூட்டிய மற்ற விடைத்தாள்களையும் ஒன்று விடாமல் திறந்து பார்த்து அறிக்கை தர வேண்டும் என்று இன்னொரு உத்தரவு. அலுவலரின் முகத்தில் அதோடு சிரிப்பு நின்றது.

அண்ணி மட்டும் நகரவில்லை. நேராக நீதிபதியைப் பார்த்து, "ஐயா, நான் ஒரு தடவை அதைப் பார்க்கலாங்களா?" என்றார். வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். நீதிபதி எழுத்தரிடம் விடைத்தாளை நீட்டினார். எழுத்தர் மேசையோரமாக வைத்துத் திறந்து காட்டினார்.

அண்ணிக்கு வேதியியல் தெரியாது. அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் அவர் ஒவ்வொரு வரியாகக் கண்ணாலேயே தொட்டுக்கொண்டு போனார். எழுத்தர் அவசரப்படுத்தவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் அண்ணி திரும்பி மகளைப் பார்த்தார். "இவ்வளவும் எழுதியிருக்கியேடி," என்றார். "எழுதினேன் எழுதினேன்னு நீ தொண்டை தண்ணி வத்தச் சொன்னப்போ நான் நம்பலையே. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, பாவி."

"சரிம்மா, விடும்மா. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்!"

வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு நாங்கள் எல்லோருமே போனோம். வக்கீலம்மாகூட, வேறு வழக்கில்லை என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தார். வழியில் ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி ஓடுகிற பேருந்திலேயே சாப்பிட்டோம். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்த கட்டடத்தை எல்லாம், "இதுதான் காலேஜா, இதுதான் காலேஜா," என்று கேட்டுக்கொண்டே வந்தார். வராந்தாவில் நூறு பேருக்குக் குறையாத வரிசை. பிள்ளைகள் சான்றிதழ்க் கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள், பெற்றவர்கள் பிள்ளைகளை விட அதிகமாக வியர்த்தார்கள்.

எலியின் முறை வந்தது. மேசைக்குப் பின்னாலிருந்த அம்மாள் நிமிராமலே கேட்டார்: "வேதியியல் எவ்வளவு?"

எலி வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற அண்ணி, வராந்தாவின் மறுகோடிவரை கேட்கும்படி, "எண்பத்தொண்ணு!" என்றார்.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மேசை அம்மாளும் நிமிர்ந்தார். எலிக்குக் காது சிவந்துவிட்டது.

"மெதுவாம்மா."

"ஏன் மெதுவாச் சொல்லணும்?" என்றார் அண்ணி. "எழுதினது என் பொண்ணு." மேசையைப் பார்த்துக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, இன்னும் உரக்கச் சொன்னார். "எழுதிக்கோங்கம்மா. எண்பத்தொண்ணு."